சூடு போகும் வழி

பென்னி பார்த்தான். மஞ்சு ஓவனின் குமிழைத் திருகி அணைத்ததையும், உள்ளே எரிந்த மஞ்சள் விளக்கு அணைந்ததையும் மூன்றடி தள்ளி நின்று இரண்டு கண்ணாலும் பார்த்தான். ஆனால் பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில், தீக்காய வார்டு வாசலில் வைத்து, "நீ அங்கனதானலே நின்னே? அவ அணைச்சாளா, இல்லையா?" என்று நம்பிராஜன் அண்ணாச்சி கேட்டபோது, "நான் சரியாக் கவனிக்கலையே அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டான்.

நாலே சொல். சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை. சுவரோரம் நின்றிருந்த மஞ்சு நிமிர்ந்தாள். அவள் கன்னத்தில் கரி அப்படியே இருந்தது, வலது கையில் முழங்கை வரைக்கும் கட்டு. "அண்ணே, நீங்க இருக்கும்போதுதான அணைச்சேன்?" என்றாள். பென்னி தரையைப் பார்த்தான். அந்தத் தரையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் அதற்கப்புறம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான், தூங்கியிருப்பான். பயந்தவன், அவ்வளவுதான். பயந்தவன் செய்கிற பாவத்துக்கும் கெட்டவன் செய்கிற பாவத்துக்கும் அகப்பட்டவளுக்கு என்ன வித்தியாசம் தெரியப் போகிறது? அவன் எதற்குப் பயந்தான் என்று தெரிய வேண்டுமென்றால் ஆடி மாதத்துக்குப் போக வேண்டும்.

தென்காசியில் குற்றாலம் ரோட்டில் மாடுலர் கிச்சன் செய்து கொடுக்கிறவன் பென்னி. வேலையில் சுத்தம். அரை மில்லி பிசகினாலும் பலகையைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவான். அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. போலீஸ் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்ற நம்பிராஜன் குத்துக்கல்வலசையில் வீடு கட்டியபோது, விசாரித்து விசாரித்து இவனைத்தான் பிடித்தார். மகன் இசக்கிதுரை பட்டாளத்தில் இருக்கிறான். வைகாசியில் அவனுக்குக் கல்யாணம். பெண், வடகரையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மணிமுத்துவின் மகள் மஞ்சு.

மஞ்சு கேட்டரிங் படித்தவள். சீர் என்ன வேண்டும் என்று அப்பா கேட்டபோது, கட்டில் பீரோ எல்லாம் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது, எனக்கு நல்லதாக ஒரு ஓவன் வாங்கித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். குத்துவிளக்கு, பித்தளை அண்டா, பட்டுத் துணியோடு ஆளுயர அட்டைப்பெட்டியில் ஓவனும் வந்து இறங்கியது. சீர்வரிசையில் கேக் அடுப்பா என்று சொந்தக்காரப் பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். மாமியார் இராமலட்சுமி சிரிக்கவில்லை. அவருக்கு மருமகளைப் பிடித்துப்போயிருந்தது.

சுவரோடு சுவராக நிற்கிற உயர அலமாரியின் நடுவில் அந்த ஓவனைப் பொருத்தியவன் பென்னி. பொருத்திவிட்டு மஞ்சுவைக் கூப்பிட்டு விளக்கம் வேறு சொன்னான். விளக்கம் சொல்வதில் அவனுக்கு ஒரு ருசி.

"இங்க பாரும்மா, உள்ள இருக்க சூடு கேக்குக்கு. ஆனா எல்லாச் சூடும் உள்ளயே நிக்காது, கொஞ்சம் பெட்டிக்கு வெளிய கசியும். அது இந்த மரத்துக்குள்ள தேங்கிரக் கூடாது. அதுக்குத்தான் மேல ஒரு ஃபேன். பட்டன் போர்டுக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு கீறல் தெரியுதா? ஃபேன் சூட்டை இழுத்து அது வழியா முன்னால தள்ளிரும். தள்ளணும்னா அதுக்குக் குளுந்த காத்து கிடைக்கணும்லா. அதுக்குப் பின்னால, கீழ, சுவத்துல ஓட்டை போட்டு சல்லடை வச்சிருக்கேன். பின்பக்கம் தேங்குற சூடு மேல போக, அலமாரிக்குப் பின்னால ரெண்டு விரக்கடை இடைவெளி விட்டிருக்கேன். கீழ வரும் வழி, மேல போற வழி. ரெண்டும் இருந்தாத்தான் இது வீட்டுக்குள்ள இருக்கலாம்."

"அணைச்ச பொறவும் சத்தம் வருதேண்ணே?"

"அது ஃபேன். அணைச்சாலும் உள்ள சூடு இருக்குல்லா. ஆறுற வரைக்கும் இருவது நிமிஷம், அரை மணி நேரம் அது ஓடும். ஓடி முடிச்சு அதுவா நிக்கும். சுவத்து சுவிட்ச்சை மட்டும் உடனே அணைச்சிராத."

மஞ்சு தலையாட்டினாள். படித்த பெண், ஒருமுறை சொன்னால் போதும். இதை மாமியாருக்கும் ஒருமுறை சொல்லியிருக்கலாம். பென்னிக்குத் தோன்றவில்லை.

ஆடி பிறந்தது. தலை ஆடிக்குப் பெண்ணை அழைத்துப் போக மணிமுத்து தேங்காய் பழத்தோடு வந்தார். மஞ்சு ஒரு மாதம் வடகரைக்குப் போய்விட்டாள். அந்த மாதம்தான் சாரல் பிடித்தது. குற்றாலத்தில் ஐந்தருவியும் கொட்டுகிறது என்று ஊரெல்லாம் சந்தோஷம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று மேற்குச் சுவரில் மோதி, பென்னி வைத்த சல்லடை வழியாகச் சாரலை உள்ளே அள்ளிக் கொட்டியது. அலமாரியின் அடிப்பலகை ஊறியது. போதாக்குறைக்கு மரவட்டைகள். கீழ் ஓட்டை வழியாக வந்து, பின் இடைவெளியில் ஏறி, மேல்தட்டில் இருந்த அரிசி டப்பா வரைக்கும் போய்விட்டன. இராமலட்சுமி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். இதைச் சரி பண்ணினால்தான் இனி அடுப்படிக்குள் போவேன் என்று ஒரே பிடிவாதம்.

நம்பிராஜன் போன் போட்டார். பென்னி வந்து பார்த்தான்.

"அடைச்சிரு" என்றார் நம்பிராஜன்.

"அடைச்சா ஓவன் போடக் கூடாது அண்ணாச்சி. சூடு போக வழியில்லாமப் போயிரும்."

"ஓவன் போடுறவதான் ஆடிக்குப் போயிட்டாளே. இப்ப அடை. சீசன் முடிஞ்சதும் வந்து எடுத்துரு."

சரிதானே என்று பென்னிக்கும் பட்டது. நிரந்தரமாகச் சிமெண்ட் வைத்து அடைத்தால் பிறகு கொத்த வேண்டும். எடுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று கெட்டியான தெர்மாகோலை ஓட்டை அளவுக்கு வெட்டி இறுக்கிச் செருகினான். மேல் இடைவெளியையும் தெர்மாகோல் வைத்து நிரப்பி, மேலே ஒரு ப்ளைவுட் பட்டையை ஆணியடித்தான். எட்டுப் பத்து நிமிட வேலை. அலமாரியின் நிறத்திலேயே பட்டை இருந்ததால் அடைத்திருப்பது கண்ணுக்கே தெரியவில்லை. அதிலும் அவனுக்கு ஒரு திருப்தி. "சீசன் முடிஞ்சதும் வந்து எடுத்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆவணியில் மஞ்சு திரும்பி வந்தாள். அவளிடம் யாரும் சொல்லவில்லை. மாமனாருக்கு அது சொல்ல வேண்டிய சங்கதியாகவே தெரியவில்லை. பென்னிக்கு இலத்தூரில் இரண்டு வீடு, செங்கோட்டையில் ஒன்று என்று வேலைமேல் வேலை. சாரல் நின்றது, புரட்டாசி வெயில் அடித்தது, ஐப்பசி மழையும் வந்து போனது. பென்னி மறந்துவிட்டான். மன்னிப்புக்காகச் சொல்வதல்ல இது. மறந்துவிட்டான், அதுதான் நடந்தது.

வாரத்துக்கு ஒரு கேக், இரண்டு கேக் என்று மஞ்சு சுட்டுக்கொண்டிருந்தவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அலமாரி வெதுவெதுப்பாகும், ஆறிவிடும். கிறிஸ்துமஸ் வந்தது. அவளுக்கு முதல் பெரிய ஆர்டரைக் கொடுத்தது யார் தெரியுமா, பென்னியின் மனைவி ரூபி. தெருவில் கொடுக்க, சபையில் கொடுக்க என்று எட்டு பிளம் கேக். ரூபி சொல்லி இன்னும் மூன்று வீட்டில் கேட்டார்கள். டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி காலை ஏழு மணிக்குப் போட்ட ஓவன் சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் நிற்கவே இல்லை.

கேக்கை எடுத்துப்போகப் பென்னியே வந்தான். அடுப்படி முழுக்க வெண்ணெயும் ஏலக்காயும் மணத்தது. மஞ்சு முகமெல்லாம் வேர்வையும் சிரிப்புமாக இருந்தாள். அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, "அண்ணே, இந்த மேல் கதவைத் தொட்டாச் சுடுது. இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள்.

பென்னி உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். வைத்த கையைச் சட்டென்று எடுத்தான். "காலையிலருந்து ஓடிருக்குல்லா, அப்படித்தான் இருக்கும்" என்றான்.

கடைசி கேக் வெளியே வந்தது. அவள் குமிழைத் திருகி அணைத்தாள். விளக்கு அணைந்தது. ஃபேன் மட்டும் உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த இராமலட்சுமி, "ஏட்டி மஞ்சு, அணைச்ச பொறவும் என்னத்துக்கு இந்த இரைச்சல்? கரண்டு சும்மா ஓடுது பாரு" என்று சுவர் சுவிட்ச்சைத் தட்டி அணைத்தார். மஞ்சு அப்போது கடைசி கேக்கோடு முன்னறைக்குப் போயிருந்தாள். மிக்சியோ டிவியோ இஸ்திரிப்பெட்டியோ, எதுவானாலும் வேலை முடிந்ததும் சுவரில் அணைத்தால்தான் அந்த வீட்டில் அது அணைத்ததாகக் கணக்கு. நம் வீடுகளில் எல்லாம் அப்படித்தான்.

பென்னி அதையும் பார்த்தான். மதினி, அது ஓடட்டும் என்று சொல்ல வாயெடுத்தான். எடுத்த நேரத்தில் அவர் காபி டம்ளரை நீட்டி, "ரூபியை ஒருநா கூட்டிட்டு வா, பாத்து நாளாச்சு" என்றார். கையில் டம்ளர், கக்கத்தில் பெட்டி. சொல்ல வந்தது போய்விட்டது.

குற்றாலம் ரோட்டில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வரிசையாக நின்றன. அந்த நெரிசலில் பைக்கில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. மேல் கதவு ஏன் அவ்வளவு சுட்டது? அந்த ஓட்டை. நாம் இன்னும் அதை எடுக்கவே இல்லையே. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். பிறகு தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான். இன்றைக்கு வேலை முடிந்துவிட்டது, ஓவனை அணைத்தாயிற்று, இனி என்ன? பண்டிகை கழிந்ததும் போய் எடுத்துவிடலாம். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

மஞ்சுவுக்கு அவ்வளவு விளக்கம் சொன்ன பெரிய மனிதனுக்கு, அணைத்த பிறகுதான் ஆபத்து அதிகம் என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. பத்து மணி நேரத்துச் சூடு அந்த இரும்பிலும் மரத்திலும் ஏறியிருந்தது. ஃபேன் ஓடியவரைக்கும் பாதியையாவது முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றுவிட்டது. பின்னால் வழியில்லை, மேலே வழியில்லை. மேலே அடைத்திருந்த தெர்மாகோல் உருகி, ஓவனுக்குப் பின்னால் போகிற வயர்மேல் வழிந்திருக்க வேண்டும். ஓவனை அணைத்திருந்தாலும் பக்கத்துப் பிளக்குக்குப் போகிற வயரும் அதே வழியில்தான் போனது. அதன் உறை உருகி, உள்ளே இருந்த கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டித் தீப்பொறி பறந்திருக்க வேண்டும்.

ஆறரை மணிக்கு மஞ்சு மாடியில் புருஷனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். எட்டுப் பெட்டியும் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். கீழே இராமலட்சுமி மேல் கதவின் இடுக்கில் புகை வருவதைப் பார்த்திருக்கிறார். உள்ளே இருப்பது மருமகளின் மிச்சக் கேக் பெட்டிகள், எண்ணெய் பாக்கெட்டுகள். எடுத்து வெளியே போட்டுவிடலாம் என்றுதான் கதவைத் திறந்திருக்கிறார். அதுவரை உள்ளே காற்றில்லாமல் புகைந்துகொண்டிருந்தது, திறந்ததும் காற்றைக் கண்டது. அவர் உடுத்தியிருந்தது நைலக்ஸ் புடவை.

மஞ்சு ஓடிவந்து வெறுங்கையால் அணைத்தாள். அக்கம்பக்கத்தார் மெயினை இறக்கினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். ஓவனின் முன்பக்கமும் சுவர் சுவிட்ச்சும் உருகி, எது எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்ல முடியாமல் ஆகிவிட்டது. நாலு நாள் கிடந்தார் இராமலட்சுமி. இருபத்தேழாம் தேதி விடியற்காலையில் உயிர் போயிற்று.

இப்போது ஆஸ்பத்திரி வாசலுக்குத் திரும்பி வரலாம். அணைத்ததைப் பார்த்தேன் என்று பென்னி சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்ன? அணைத்த ஓவனில் எப்படித் தீப்பிடித்தது? அதற்குப் பதில் அவன் கையால் வெட்டிய தெர்மாகோல். அதனால்தான் கவனிக்கவில்லை. அவன் கவனிக்காததால் மஞ்சு அணைக்கவில்லை என்று ஆயிற்று. அணைக்காமல் மாடிக்குப் போய்ப் போன் பேசினாள் என்று ஆயிற்று. துஷ்டி வீட்டில் பெண்கள் வாய்விட்டே சொன்னார்கள்: "கட்டில் கொண்டு வந்திருந்தா படுத்திருப்பா. அடுப்பைக் கொண்டு வந்தா, அது எங்க லட்சுமியக் கொன்னுட்டு."

இசக்கிதுரை காஷ்மீரிலிருந்து வந்து கொள்ளி வைத்தான். மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காடாற்று முடிந்த அன்றே மணிமுத்து மகளை வடகரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகச் சொன்னார்களா, அவராகக் கூட்டிப்போனாரா என்று யாரும் கேட்கவில்லை.

பென்னி வீட்டில் எட்டு கேக்கும் பிரிக்காமல் கிடந்தன. இராமலட்சுமி இறந்த மூன்றாம் நாள் ரூபி பின்வாசலில் குழி தோண்டி அத்தனையையும் புதைத்தாள். அன்று இரவுதான் பென்னி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"போய்ச் சொல்லிருங்க. அந்தப் பிள்ளை பாவம்" என்றாள். மறுநாள் காலையில் அவன் புறப்பட்டபோது பைக் சாவியைக் காணவில்லை. தேடினான். சாவி ரூபியின் கைக்குள்ளேயே இருந்தது. "கேஸ் போட்டு உங்களப் பிடிச்சிட்டுப் போயிட்டா? நம்ம ரெண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துல என்ன சொல்லும்? கொஞ்சம் பொறுங்க" என்றாள். பொறு என்று ஒருவர் சொல்ல வேண்டும் என்றுதான் அவனும் காத்திருந்தான். உள்ளுக்குள் ஆறுதலாக இருந்தது, அந்த ஆறுதலை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

பதினாறாம் நாள் விசேஷம் கழிந்து ஏழாம் நாள் நம்பிராஜனே கூப்பிட்டார். எரிந்ததையெல்லாம் பிரித்து எடுத்துவிட்டு அடுப்படியைப் புதிதாகச் செய்ய வேண்டும் என்றார். மகன் ஒரு வேலையாகச் செங்கோட்டைக்குப் போயிருந்தான். பென்னி கரிந்த அடுப்படிக்குள் தனியாகப் போனான். ஓவன் இருந்த இடத்தில் குனிந்து டார்ச் அடித்தான். சுவரில் ஓட்டை திறந்திருந்தது. ஓரத்தில் உருகிய தெர்மாகோல் ஒரு பொட்டுகூட இல்லை. சுரண்டி, ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். மேலே அவன் அடித்த ஆணிகளைக்கூடக் காணவில்லை.

"என்னல பாக்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நம்பிராஜன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். இந்த மூன்று வாரத்தில் பத்து வயது கூடியிருந்தது.

"அண்ணாச்சி, இங்கன நான் அடைச்சிருந்தது..."

"தெரியும். தீயணைப்புக்காரன் வந்த அன்னைக்கே கேட்டான், பின்னால காத்துப் போக வழி இருக்கான்னு. இருக்குன்னு சொல்லிட்டேன். ராத்திரி வந்து பாத்தேன். முப்பத்தஞ்சு வருசம் இந்த வேலைதானலே பாத்தேன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப அந்தப் பிள்ளை..." என்று பென்னி இழுத்தான்.

"அவளுக்கு அப்பன் ஆத்தா இருக்காங்க. சின்ன வயசு" என்றார் நம்பிராஜன். பிறகு கரி படிந்த மேடையில் கையை ஊன்றிக்கொண்டார். "மூடச் சொன்னது நான். என் பொண்டாட்டிய நானே கொன்னுட்டேன்னு எம்பிள்ளைட்ட எப்படிச் சொல்ல? அவன் மூஞ்சில முழிச்சிட்டு நான் இருக்கணும்லா. எனக்கு வேற யாரு இருக்கா?" அவர் அழுதார். அழுது முடித்ததும் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாறாத குரலில், "நீயும் பிள்ளை குட்டிக்காரன். அளவை எடுத்துட்டுப் போ" என்றார்.

பென்னி அளவெடுக்கவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றான். தன் பயத்தையே இன்னொரு ஆளின் முகத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை. கேஸ் வந்தால் வரட்டும் என்று அன்றைக்கு அவனுக்கு முதல்முறையாகத் தோன்றியது. ரூபிக்குப் போன் செய்து, "நான் வடகரைக்குப் போறேன்" என்றான். "போயிட்டு வாங்க" என்றாள்.

மணிமுத்து தோப்புக்குப் போயிருந்தார். தலைப்பொங்கலுக்காக மகளுக்கு வாங்கிய பித்தளைப் பானை, துஷ்டியால் பொங்கலுக்குக் கொடுத்தனுப்பாமல் பட்டாசாலையில் காகிதம் பிரிக்காமல் இருந்தது. மஞ்சு கட்டிலில் துணிகளை மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தாள். கைக்கட்டு அவிழ்ந்திருந்தது, தோல் சிவந்து சுருங்கியிருந்தது. அவனைப் பார்த்து, "வாங்கண்ணே" என்றாள். ஆஸ்பத்திரியில் நடந்தது எதுவும் நடக்காத மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். சாரல், மரவட்டை, தெர்மாகோல், மாமனார் அடைக்கச் சொன்னது, மாமியார் சுவிட்ச்சை அணைத்தது, மேல் கதவு சுட்டபோது அப்படித்தான் இருக்கும் என்று தான் சொன்னது, ரோட்டில் நினைவு வந்தும் போனைப் பைக்குள் போட்டது. ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போதே அவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

மஞ்சு கையிலிருந்த புடவையைக் கீழே வைத்தாள். "அப்ப நான் அணைச்சேன்லா?" என்று கேட்டாள்.

"நீ அணைச்சேம்மா. விளக்கு அணைஞ்சுது. நான் பாத்தேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, வெகுநேரம் அழுதாள். அந்த அழுகையில் ஒரு நிம்மதி இருந்ததைப் பென்னியே பார்த்தான். செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்துவிட்டோம் என்று அவனுக்கும் நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று.

"மாப்பிள்ளைட்ட நானே வந்து சொல்லுதேன். இப்பவே சொல்லுதேன்" என்றான்.

மஞ்சு முகத்தைத் துடைத்தாள். "வேண்டாம்ணே" என்றாள்.

"என்னம்மா சொல்லுத?"

"முந்தாநாள் அவுக வந்தாக. உண்மைய ஒத்துக்கோ, நான் மன்னிச்சிருதேன், பொய் சொல்லுதவகூட மட்டும் என்னால வாழ முடியாதுன்னு சொன்னாக. நான் ஒத்துக்கிட்டேன். எங்கம்மா அப்பா முன்னால, அணைக்க மறந்துட்டேன்னு சொன்னேன்." "எனக்கே அப்படித்தான் தோண ஆரம்பிச்சிட்டுண்ணே. பக்கத்துல நின்ன நீங்களே பாக்கலைன்னு சொன்ன பொறவு, அணைச்சேன்னு நான் நெனைக்கது நானாக் கட்டுனதோன்னு ஆயிட்டு. ராத்திரி பூரா மனசுக்குள்ள அந்தக் குமிழத் திருகிப் பாத்துக்கிட்டே கெடந்தேன். திருகுனேனா திருகலையான்னு தெரியல."

"அதுக்குத்தானம்மா நான் சொல்லுதேன்ங்கேன்."

"சொன்னா என்னாகும்? செத்துப்போன அவுக அம்மாவையும் உசுரோட இருக்க அப்பாவையும் நான் கைகாட்டுன மாதிரி ஆகும். அதுக்கு மேல, நான் ஒத்துக்கிட்டது பொய்னு ஆகும். எதை நம்பி அவுக என்னைக் கூட்டிட்டுப் போறாக? உண்மையச் சொல்லிட்டேன்னு நம்பித்தான்." பைக்குள் புடவையை வைத்து ஜிப்பை இழுத்தாள். "ரெண்டு நாள் முன்னால வந்திருக்கலாம்லாண்ணே."

இரண்டு நாள் முன்னால் அவன் வீட்டில் பொறுத்துக்கொண்டிருந்தான்.

வாசலில் கார் வந்து நின்றது. இசக்கிதுரை இறங்கி வந்தான். தாய்க்கு மொட்டையடித்த தலையில் முள்முள்ளாக முடி முளைத்திருந்தது. உள்ளே பென்னியைக் கண்டதும், "என்ன அண்ணாச்சி, இங்கன?" என்றான்.

பென்னி வாயைத் திறந்தான். மஞ்சு அவனைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாதே என்று அந்தக் கண் கெஞ்சியது.

"அப்பா புதுக் கிச்சன் செய்யச் சொன்னாங்க தம்பி" என்றான் பென்னி. "இவுகளுக்கு என்ன வசதி வேணும்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"இவகிட்ட எதுக்குக் கேக்கீங்க? இனி இவ அடுப்படிப் பக்கமே போக மாட்டா. சமையலுக்கு அப்பா ஒரு அம்மாவ ஏற்பாடு பண்ணிட்டாரு." இசக்கிதுரை கோபமாகச் சொல்லவில்லை. மனைவியின் பக்கம் திரும்பியபோது அவன் குரல் இன்னும் தணிந்தது. பாசமாகவே சொன்னான்: "அதான் மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டேன்லா. பழசு எதையும் இனி பேச வேண்டாம். அப்பாவும் மன்னிச்சிட்டேன்னு சொல்லச் சொன்னாரு. கெளம்பு."

"சரிங்க" என்று மஞ்சு பையை எடுத்துக்கொண்டாள்.